செய்தி வந்த இலை

என் அப்பா செத்துப்போன செய்தியை, அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பார்த்தவள் நான். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் முதலில் நம்புவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். மட்டாஞ்சேரியில், கப்பலில் வரும் சரக்கை இறக்கிக் கோடவுனில் வைத்து உரியவர்களுக்கு அனுப்பிவைக்கும் ஒரு கம்பெனியில் அப்பா கோடவுன் கீப்பர். அதே கம்பெனியின் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். முன்பு அரிசி அடுக்கிக் கிடந்த எங்கள் கோடவுனில் அப்போது முழுக்கப் பத்திரிகைக் காகிதம்தான். பெரிய பெரிய உருளைகள், ஃபின்லாந்திலிருந்து வந்தவை. அப்பா அவற்றை ரீல் என்பார். வீட்டிலும் ரீல் பேச்சுத்தான். எந்த ரீல் நனைந்தது, எதன் ஓரம் நசுங்கியது, எந்த லோடிங்காரன் மேலுறையைக் கொக்கி போட்டுக் கிழித்தான் என்று சாப்பாடு முடியும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா பரிமாறிக்கொண்டே 'ம்' கொட்டுவாள். அவள் அன்றைக்கு என்ன செய்தாள் என்று அப்பா கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கக் கூடாது என்றெல்லாம் இல்லை, அவருக்குத் தோன்றவில்லை.

காலையில் நானும் அப்பாவும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போவோம். கோடவுன் சந்து முனையில் ஒரு சாயாக்கடை. அங்கே நின்று ஆளுக்கொரு சாயா குடித்துவிட்டு, அவர் கோடவுனுக்கும் நான் ஆபீசுக்கும் பிரிவோம். அன்றைக்கும் நின்றோம். கடைக்காரச் சேட்டன் ஒரு கையால் அப்பாவுக்குச் சாயாவை நீட்டிக்கொண்டே மறு கையால் மலையாளப் பேப்பரைப் புரட்டினார். கேரளத்தில் பேப்பர் வாங்குகிறவர்கள் உலகம் என்ன ஆனது என்று அப்புறம்தான் பார்ப்பார்கள். யார் செத்தது என்பதுதான் முதலில். அதற்கென்று சரமப் பக்கம் என்று ஒன்று உண்டு. செத்தவர்களின் முகங்கள் தபால்தலை அளவில் வரிசை வரிசையாக இருக்கும், கீழே பெயரும் ஊரும் இரண்டு வரியில். சேட்டன் அந்தப் பக்கத்தை விரித்தார். கண்ணாடி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்து நொறுங்கியது.

"என்டெ தெய்வமே! இது நீயல்லே?"

எட்டிப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் அப்பா. அதே ஏறு நெற்றி, அதே மீசை, கழுத்துவரை பட்டன் போட்ட அதே சட்டை. பக்கத்தில் நிற்கிற மனிதரைத் தொட்டுப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைத் தொடுவதுபோல அப்பாவின் கன்னத்தை அப்படி நடுரோட்டில் தொட்டது அதுதான் முதல் தடவை. கன்னம் சூடாக இருந்தது. சாயா சிந்தி வேட்டியும் நனைந்திருந்தது.

படத்துக்குக் கீழே இருந்த பெயர் அப்பாவுடையது இல்லை. எங்கள் கோடவுன் வாட்ச்மேனுடையது. அவர் அப்பாவுக்குப் பல வருஷத்துச் சிநேகிதர், குடும்பம் குட்டி என்று எதுவும் இல்லாதவர், காய்ச்சலில் படுத்து அந்த வாரம்தான் போயிருந்தார். ஆசுபத்திரி முதல் சுடுகாடு வரை எல்லாவற்றையும் அப்பாதான் பார்த்தார். பேப்பரில் போட வேண்டும் என்று ஏஜென்டிடம் போனதும் அப்பாதான். ஆனால் வாட்ச்மேனுக்குத் தனியாக ஒரு போட்டோ கிடையாது. கோடவுனில் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு குரூப் போட்டோவில் மட்டும் இருந்தார், அப்பாவுக்குப் பக்கத்தில்.

"எந்த முகம்னு பேனாவால அடையாளம் வெச்சுத் தரச் சொன்னான்" என்றார் அப்பா. "செத்தவன் மூஞ்சியில போய் பேனாவை வெக்க மனசு வரலை. அதனால என் சட்டையில ஒரு புள்ளி வெச்சு, அவன் பக்கமா ஒரு அம்பு போட்டேன்."

அச்சாபீசில் இருந்தவன் அம்பைப் பார்க்கவில்லை. புள்ளி யார்மேல் இருக்கிறதோ அவரைக் கத்தரித்து எடுத்துவிட்டான்.

"புள்ளி வைக்க உங்க நெஞ்சுதான் கெடைச்சுதா?" என்று கத்தினேன். அப்பா பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "படம் தெளிவாத்தான் வந்திருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அதற்குள் சந்தில் ஆள் சேர்ந்துவிட்டது. லோடிங்காரர் ஒருவர் பேப்பரைப் பார்த்த கையோடு மலர்வளையம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எதிரே அப்பா நிற்கிறார். லோடிங்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கும்பிடுவதா ஓடுவதா என்று தெரியாமல் நின்றார். பெயரைப் படித்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்த பிறகு பெயரை யார் படிக்கிறார்கள்? எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அம்மா பாலக்காட்டில் இருந்தாள்.

மாமா வீட்டில் அத்தை வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டதால், உதவிக்குப் போயிருந்தாள். மாமா விடிவதற்கு முன்பே ரயிலேறிக் கோயமுத்தூர் மில்லுக்குப் போய்விடுவார். அத்தை பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி, மலையாள எழுத்து தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் மாமா வீட்டில் பேப்பர் போடுவார்கள். அம்மா மற்ற பக்கங்களைத் தொடமாட்டாள், சரமப் பக்கத்து முகங்களை மட்டும் ஒன்றுவிடாமல் பார்ப்பாள். யாராவது பெயரைப் படித்துச் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. அப்பாவுக்கு வீட்டில் ஒரு பெயர், கம்பெனியில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொன்று. இதுவும் அப்படி ஒன்றாக்கும் என்றுதான் நினைப்பாள். வாட்ச்மேனின் பெயரும் அவளுக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் அவர் எப்போதும் வாட்ச்மேன்தான். போதாததற்கு மட்டாஞ்சேரி என்றும் கம்பெனி பெயரும் அச்சாகியிருந்தது.

அம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு. அதற்கு முந்தைய வருஷம் அடுப்படியில் சுருண்டு விழுந்தபோது, அதிர்ச்சி ஏதும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆபீசுக்கு ஓடினேன். மாமா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு டிரங்க் கால் போட்டேன். மழையில் லைன் செத்துக் கிடக்கிறது என்றார்கள். "தந்தி அடிச்சுடலாமா?" என்றேன். அப்பா பதறினார். "தந்திக்காரன் படியேறினாலே அவ உயிரு போயிடும். பிரிச்சுப் பாக்கவா போறா?" என்றார். அதுவும் சரிதான். உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல ஒரு வழியும் இல்லாமல் போனது. செத்தார் என்பது மட்டும் விடிவதற்குள் பாலக்காடு போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஃபின்லாந்துக்காரர் வந்து இறங்கினார். மழையில் நனைந்த ரீல்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போக, காகித மில்லே அனுப்பிய ஆள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருக்கலாம். வெயில் பட்டுச் சிவந்து தோல் உரிந்த மூக்கு, முதுகோடு ஒட்டிய சட்டை. அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத் தட்டித் தடவிப் போவதுதான், அதனால் எங்களுக்குள் சிரமம் இருக்கவில்லை. கோடவுனைத் திறக்கச் சொன்னார். சாவி அப்பாவின் இடுப்பில் இருந்தது. அப்பா அதை மேனேஜரிடம்கூடக் கொடுக்கமாட்டார். நான் பேப்பரை விரித்துப் படத்தைக் காட்டி, பக்கத்தில் நின்ற அப்பாவையும் காட்டி, பாலக்காட்டில் இருக்கும் அம்மாவின் நெஞ்சைப் பற்றியும் சொன்னேன்.

அவர் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் இறங்கிப்போனது. படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பேப்பரின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்து, "எங்கள் காகிதம்" என்றார். பிறகு, சாவி இல்லாமல் தனக்கு இங்கே வேலை இல்லை என்றும், வாடகைக் கார் நாள் முழுக்க வாசலில் நிற்கப்போகிறது என்றும் மேனேஜரிடம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் அந்த அம்பாசிடரில் பாலம் ஏறிக்கொண்டிருந்தோம். அப்பா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். மடியில் அந்தப் பேப்பர்.

ஆலுவா தாண்டும்வரை அம்மா எங்கே எப்படி விழுந்து கிடப்பாளோ என்றே என் மனம் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்காகத்தான் அந்த ஆளிடம் வாய் கொடுத்தேன். ரீல் உறைகளில் ரயில்பெட்டி மாதிரி நீளமாக ஒரு வார்த்தை அச்சடித்திருக்கிறதே, அது என்ன என்றேன்.

"ஸனொமலெஹ்திபாப்பெரி" என்றார். பத்திரிகைக் காகிதம் என்று அர்த்தமாம். கடைசியில் இருக்கும் பாப்பெரி காகிதம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஸனொமலெஹ்தி, அதாவது பத்திரிகை. அதுவும் ஒட்டுச்சொல்தான். ஸனா என்றால் வார்த்தை. அதிலிருந்து வந்தது ஸனொமா, ஒருவர் சொல்லி அனுப்புவது, செய்தி.

"லெஹ்தி?"

அவர் கார் கண்ணாடியை இறக்கினார். ஒரு லெவல் கிராசிங்கில் நின்றுகொண்டிருந்தோம். கையை மழையில் நீட்டி, வேலியோரம் நின்ற செம்பருத்தியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார். "இது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மரத்து இலையா? இதே இலையா?"

இதே இலைதான் என்றார். அவர் ஊரில் பர்ச் என்கிற வெள்ளைப்பட்டை மரத்து இலை. முதலில் மரத்தில் இருப்பதற்கு மட்டும் அந்தப் பெயர். புத்தகம் வந்தபோது புத்தகத்தின் தாளுக்கும் அதே பெயர் வைத்தார்கள். பேப்பர் அச்சடிக்கத் தொடங்கிய காலத்தில் அதை வெறுமே செய்திகள் என்றுதான் சொன்னார்களாம். பக்கத்து நாட்டு ஸ்வீடிஷ்காரர்கள் பேப்பரை இலை என்று சொல்வதைப் பார்த்து, இவர்களும் தங்கள் இலையை எடுத்துச் செய்திக்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். யார் முதலில் ஒட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. "தினமும் சொல்கிற வார்த்தை. உள்ளே இலை இருப்பது எங்களுக்கே ஞாபகம் இருக்காது" என்றார்.

செய்தியிலை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பனி உறைந்து கிடக்கும் உலகத்தின் உச்சியில் இருக்கிறவனுக்கும் செய்தி என்றால் இலைதானா? எங்களுக்கும் ஓலைதான் என்று அவரிடம் சொன்னேன். பனை ஓலையில் எழுதி அனுப்பிய காலம் போய்க் கடுதாசி வந்த பிறகும், ஓலை வந்ததா என்றுதான் கேட்பார்கள். இழவு சொல்லி வருவதற்குச் சாவோலை என்று தனிப் பெயர். அம்மா இன்னும் அப்படித்தான் சொல்வாள். சாவுச் செய்தி வரும் கார்டின் மூலையில் கறுப்பு மை தடவியிருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் நின்றே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

"கிழித்துவிடுவீர்களா? கடைசிச் செய்தியையா?" அவருக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. வைத்திருந்தால் அது இன்னொரு சாவைக் கூப்பிடும் என்றேன். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், அன்றைக்கு இருந்தது.

முன்னால் இருந்த அப்பா திடீரென்று திரும்பினார். எங்கள் ஆங்கிலத்தை அவர் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். கப்பல் சரக்கைச் சோதிக்க வரும் சர்வேயர்களோடு பேசிப் பேசிப் பிடித்துக்கொண்ட ஆங்கிலம் அவருக்கும் உண்டு.

"தலைக்கு ஊத்திக்குவாளே!" என்றார். குரல் உடைந்திருந்தது. "இந்த மழையில, கிணத்துத் தண்ணிய... அவ நெஞ்சு தாங்குமா?"

அதுவரை நான் அதை யோசிக்கவில்லை. படத்தைப் பார்த்த நிமிஷம் தாங்கியிருந்தாலும், அதற்கப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடி, கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், குடம் குடமாகத் தலையில் கவிழ்ப்பார்கள். திருச்சூர் தாண்டிக் குதிரான் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் கார் ஊர்ந்தது. அப்பா டாஷ்போர்டைக் கையால் தள்ளிக்கொண்டே வந்தார், அதனால் கார் வேகமாகப் போகும் என்பதுபோல.

மாமா வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. காரிலிருந்து இறங்கிய அப்பாவைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி "அம்மே!" என்று அலறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

கூடத்துப் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நேராக, முதுகு வளையாமல். தலை காய்ந்திருந்தது. காலையில் வாரிய பின்னல் கலையவில்லை. சரமப் பக்கம் அவள் மடியில் முழுசாக இருந்தது. கிழிக்கவில்லை, கசக்கக்கூட இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் நம்பவில்லை. குளிக்கவில்லை, கிழிக்கவில்லை, என்றால் நம்பவில்லை என்றுதானே அர்த்தம்!

"அம்மா, வாட்ச்மேன் மாமாதாம்மா போனது! படத்தை மாத்திப் போட்டுட்டாங்க. உனக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சில்ல?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற அப்பாவின் பாதங்களைப் பார்த்தாள். தரையில் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றாள்.

"தெரியலை" என்றாள். "நீங்க போயிட்டீங்கன்னுதான் நெனச்சேன். இப்ப இந்த நிமிஷம் வரைக்கும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சேச்சி வந்து, கரையூ கரையூன்னு முதுகைத் தடவினா. அழுதாத்தான் நெஞ்சுக்கு நல்லதுன்னா. வரும் வரும்னு உக்காந்திருந்தேன். குளிக்கக் கூப்பிட்டாங்க, முதல்ல அழுதுட்டு வரேன்னேன். வரலை." அம்மா சத்தமே இல்லாமல், சந்தையில் என்ன விலை என்று சொல்வதுபோலச் சொன்னாள். "மத்தியானம் பசிச்சுது. சோறு போட்டுச் சாப்பிட்டேன். எல்லாரும் பாத்தாங்க."

அத்தை கட்டுப்போட்ட கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க நல்லவர்தான். ஒரு குறையும் வெக்கலை" என்றாள் அம்மா. அவள் பிடி இன்னும் அவர் மணிக்கட்டில் இருந்தது. "ஆனா உங்களுக்காக எனக்கு அழுகை வரலையே. அது எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இனிமே நான் என்ன செய்யறது?"

என் அம்மாவா இது? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அழுகிறவள், அடுத்த தெருவில் யாரோ செத்ததற்கு அழுகிறவள். அவள் நெஞ்சு நின்றுவிடும் என்று நாங்கள் கார் பிடித்து ஓடிவந்தோம். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அப்பாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வந்த செய்தி பொய். இலையைக் கிழித்து எறிந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் அவள் அந்தப் பகல் முழுக்க அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது பொய் இல்லை, அதைக் கிழிக்கவும் வழி இல்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது அப்பாமேல் திரும்பியது. பிறகு யார்மேல் என்று தெரியவில்லை.

வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ஃபின்லாந்துக்காரருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அம்மா எழுந்து நடந்ததையும் அப்பாவின் கையைப் பிடித்ததையும் பார்த்திருக்கிறார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பக்கம் குனிந்து, அம்மா என்ன சொல்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

காலையிலிருந்து எல்லாவற்றையும் அவருக்கு எடுத்துச் சொன்னவள் நான். இதை எடுத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைசியில், "ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது என்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அப்பா அதைக் கேட்டார். கையை அம்மாவிடமிருந்து விடுவித்துக்கொள்ளாமலே, மறு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபின்லாந்துக்காரர் பக்கம் திரும்பினார்.

"யெஸ் சார்" என்றார். "ஹாப்பி. வெரி ஹாப்பி."